பேசாத பிளகின் பச்சை காட்டின சனிக்கிழமை

ஏலே, ஏட்டி, புதுசா வந்து சேந்திருக்கிற அம்புட்டுப் பேருக்கும் சொல்லுதேன், டீய வச்சுட்டு ஒழுங்கா வாசிங்க.

நான் இசக்கி. ஹோஸ்ட் டீம்ல இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேன். வயசு இருபத்தேழு, சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ. சீசன் சீசனா ஒரே கம்ப்யூட்டர் கோடையே கட்டிக்கிட்டு அழுதா நீயும் ரிட்டயர்மெண்டு கேப்ப. இனிமே லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்குற ஃபீல்டு வேலை எனக்கு. ஹோஸ்ட் படுத்துச்சுன்னா என் நம்பருக்கு அடிக்காதிய, எடுக்க மாட்டேன். சரி, எடுப்பேன். ஆனா திட்டுவேன்.

பிளகின் எழுதுறது எப்படி, மாட்டுறது எப்படி, டெஸ்ட் பண்ணுறது எப்படி, எல்லாம் நம்ம கோடு வச்சிருக்கிற ரிப்போவுல கெடக்கு. போய்ப் படி. அத நான் இங்கன சொல்லப்போறதில்ல. ரிப்போவுல இல்லாத ஒரு சனிக்கிழமை இருக்கு, அதத்தான் சொல்லப்போறேன். இப்ப நெனச்சாலும் கை துறுதுறுங்கு, டைப் பண்ணுறதுல எழுத்து தப்புனா நீயே திருத்தி வாசிச்சுக்கோ.

நம்ம 'சீசன்' ஆப் என்னன்னு வெளியாள் கேட்டா நான் இப்படித்தான் சொல்லுவேன். சீசன்ல குத்தாலம் ரோட்ட நெனச்சுக்கோ. ரோடு, கரண்டு, தண்ணி பைப்பு எல்லாம் பொது. அதுல தகரக் கொட்டகை போட்டு ஒருத்தன் நேந்திரம் சிப்ஸ் வறுப்பான், ஒருத்தன் ரம்புட்டான் விப்பான், ஒருத்தன் எண்ணெ தேச்சு விடுவான். சீசன் முடிஞ்சா கொட்டகையக் கழட்டிட்டுப் போயிருவான், ரோடு அங்கனயேதான் கெடக்கும். ரோடுதான் ஹோஸ்ட். கொட்டகைதான் பிளகின். லாட்ஜ் ரூம் ஒரு பிளகின், சாப்பாட்டுக் கடை மெனு ஒரு பிளகின், எண்ணெக் குளியல் புக்கிங் ஒரு பிளகின், அருவி நிலவரம் ஒரு பிளகின். ஆப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒண்ணக் கழட்டலாம், இன்னொண்ண மாட்டலாம். இந்தக் கழட்டி மாட்டுற வித்தைய நாம கண்டுபிடிக்கல. எந்தெந்த ஊர்லயோ உக்காந்திருக்கிற ஆளுங்க எழுதி, எடுத்துக்கோங்கன்னு சும்மா வச்சிருக்கிற ஓப்பன் சோர்ஸ் பிரேம்வொர்க்கு அது. அதுக்கு மேல நம்ம புத்திய கொஞ்சம் தடவி வச்சிருக்கோம். வம்பே அந்தத் தடவுன எடத்துலதான் வந்துச்சு.

மொத சீசன்ல ஒரு கூத்து. ஒரு புரோட்டாக் கடைக்காரரு காடைக்கு விலை போடுற எடத்துல நம்பர் போடாம 'கேட்டு வாங்கவும்'னு அடிச்சு விட்டுட்டாரு. மெனு பிளகின் அத நம்பரா மாத்தப் போயி பொத்துன்னு விழுந்துச்சு. தனியா விழுந்தாலும் பரவால்ல, ஹோஸ்டையும் இழுத்துட்டு விழுந்துச்சு. ஒரு காடைக்கு விலை தெரியாததுனால குத்தாலத்துல ஒரு லாட்ஜுலயும் ரூம் புக் ஆகல. எல்லாப் போன்லயும் வெள்ளை ஸ்க்ரீன்.

அன்னைக்கு லாட்ஜ்காரங்க பேசுன பேச்ச இங்கன எழுத முடியாது. அதுலயும் ஐந்தருவி ரோட்டுல லாட்ஜ் வச்சிருக்கிற நம்ம அண்ணாச்சி இருக்காரே, அவரு நேராவே ஆபீஸ் மாடி ஏறி வந்துட்டாரு.

"ஏம்மா, வெள்ளையா ஒண்ணக் காட்டுனா கஸ்டமரு கட பூட்டிக் கெடக்குன்னு நெனச்சுட்டு அடுத்த லாட்ஜுக்குப் போயிருவான். பழசக் காட்டு, தப்பக் காட்டு, எதையாச்சும் காட்டு. வெள்ளைய மட்டும் காட்டாத."

கேக்க நியாயமா இருந்துச்சு. எல்லாரும் உக்காந்து ஒரு ரூல் வச்சோம். பிளகின் செத்தாலும் ஸ்க்ரீன் சாகக் கூடாது. ஒரு பிளகின் பேசலைன்னா, அது கடைசியா என்ன சொல்லுச்சோ அத ஹோஸ்ட் காட்டிக்கிட்டே இருக்கும். சர்வர்லயும் அப்படித்தான், போன்ல இருக்கிற ஆப்லயும் அப்படித்தான். ஆபீஸே கை தட்டுச்சு. நம்ம ஓனர் சாரு அல்வா வாங்கிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் வெள்ளை ஸ்க்ரீன்னு ஒரு கம்ப்ளெயிண்டு வந்ததில்ல. அவ்வளவு பக்காவான ரூலு.

இப்ப அருவி நிலவரம் பிளகினுக்கு வாரேன். அத எழுதுனவன் ஜெபா. செங்கோட்டைக்காரன், சந்தோஷம் வந்தா பாதி மலையாளத்துல பேசுவான். குளிக்கிற எடத்துக்கு ஒரு ஆளு, அந்த ஆளு கையில ஒரு போனு, போன்ல ரெண்டு பட்டன். பச்சைன்னா குளிக்கலாம். சிவப்புன்னா போகாதிய. அவ்வளவுதான் பிளகின். பெரிய அருவிங்கள்ல போலீஸ் நிப்பாங்க. தண்ணி கூடுனா அவங்களே கயித்தக் கட்டி எல்லாரையும் வெளிய ஏத்திருவாங்க, நம்ம ஆப் என்னத்தக் காட்டுனா என்ன. ஆனா அண்ணாச்சி மாதிரி ஆளுங்க 'கூட்டமில்லாத தனி அருவி'ன்னு பேக்கேஜ் போடுதாங்க. வடகரை தாண்டி மலையடிவாரத்துல ஒரு தென்னந்தோப்பு எஸ்டேட்டு, அதுக்குள்ள ஒரு ஓடை, ஓடையில ஒரு குட்டி அருவி. அங்கன போலீசு கெடையாது. மாடசாமி அண்ணன்னு ஒரு வாட்ச்மேன் மட்டும். அவரு பட்டனத் தட்டுனா உண்டு, இல்லைன்னா இல்ல.

இதுல இன்னொரு விஷயம் கேளு. நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் அந்த அருவிப் பக்கத்தத் தொறந்து பாத்ததே கெடையாது. தென்காசிக்காரன் எவன்லே ஆப்பப் பாத்துட்டுக் குளிக்கப் போறான்? சன்னல்ல எட்டிப் பாத்தா மலை, மலை மேல மேகம், அதுல தெரிஞ்சிரும். அதனாலதான் அந்தப் பக்கம் எங்க எல்லாருக்கும் கண்ணுல இருந்து தப்பிச்சுச்சு. வெளியூர்க்காரன் மட்டும் பாக்கிற பக்கம் அது. அவனுக்கு மலையப் படிக்கத் தெரியாது, கலரப் பாப்பான், கெளம்பிருவான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல நான் மட்டும். சாரு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிட்டாரு, போனு காருக்குள்ள. சீசன்ல நம்ம ஆபீஸ் லட்சணம் அதான், நீங்களும் பாப்பிய. ஜெபா செங்கோட்டையில அவன் அக்கா நிச்சயதார்த்தத்துல. தென்காசியில வெயிலும் சாரலும் சேந்து அடிக்குது. சன்னல் வழியா பாத்தா மலையவே காணோம். கறுப்பா ஒரு மேகம் எறங்கி உக்காந்திருக்கு. பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நாளைக்குத் தண்ணி செமையா விழும்னு தோணுச்சு. மலை கறுத்தா நம்ம ஊர்க்காரனுக்குச் சந்தோஷம்தான் வரும், பயம் எங்கன வருது.

அண்ணாச்சி போன் அடிச்சாரு.

"ஏம்மா இசக்கி, எண்ணெக் குளியல் லிஸ்ட்ல என் பேரு கீழ போயிட்டு. மேல ஏத்து."

"அது ரேட்டிங் பாத்துத் தானா ஏறும் அண்ணாச்சி."

"நீ ஏத்துனா ஏறும்லா."

"நான் ஏத்துனா அதுக்குப் பேரு ரேட்டிங் இல்ல அண்ணாச்சி."

"வாய்தான் உனக்கு. சரி விடு. காலையில இருந்து ஒரே அலைச்சல். மதுரைக்காரங்க ஒரு பேமிலி, பிள்ளைகளும் பெரியாளுமா வேன் நெறைய, இப்பத்தான் எஸ்டேட்டுக்கு ஏத்தி அனுப்பிட்டு உக்காருதேன்."

"எஸ்டேட்டுக்கா? மலையில இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

"நானும் அதத்தான் நெனச்சேன். உங்க ஆப்பு பச்சை காட்டுது, அப்புறம் என்னன்னு அனுப்பிட்டேன்."

நான் அந்தப் பக்கத்தத் தொறந்தேன். எஸ்டேட்டு, பச்சை. பாக்கவே குளுகுளுன்னு ஒரு பச்சை. நம்ம உள்பக்கத்துல போய்ப் பாத்தேன். மாடசாமி அண்ணன் கடைசியா பட்டன் தட்டுனது காலங்காத்தால. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. அவரு மட்டும் இல்ல, மலையடிவாரத்துல இருக்கிற ஒருத்தர்ட்ட இருந்தும் வரல.

அப்பத்தான் வெளங்குச்சு. மேல மழை பெஞ்சா டவர் போவும். டவர் போனா பட்டன் வந்து சேராது. பட்டன் வரலைன்னா ஹோஸ்ட் கடைசியா வந்த பச்சையக் காட்டும். அதாவது மக்கா, எப்ப சிவப்பு வேணுமோ சரியா அப்ப பாத்து நம்ம ஆப் அடிச்சுச் சத்தியம் பண்ணும், பச்சைன்னு.

"அண்ணாச்சி, வேன நிப்பாட்டுங்க."

"என்னம்மா?"

"அந்தப் பச்சை காலையில உள்ள பச்சை. வேன நிப்பாட்டுங்க."

இன்னொரு போன்ல டிரைவர் செல்லையாவுக்கு அடிக்காரு, ரிங் போற சத்தம் எனக்கும் கேக்குது. எடுக்கல. செல்லையா வண்டியில பாட்டு எப்படி அலறும்னு குத்தாலத்துக்கே தெரியும், அதுல மழைக்குக் கண்ணாடிய வேற ஏத்தி விட்டிருப்பான். மதுரைக்காரங்களுக்கு அடிச்சா, அவிய போன் லாட்ஜ் ரூம்லயே அடிக்குது. நனைஞ்சிரும்னு வச்சுட்டுப் போயிருக்காவ. பின்னாலயே ஒரு வண்டிய அனுப்பலாம்னா, குத்தாலம் ரோடு சனிக்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

"இலஞ்சி தாண்டியிருப்பான்மா. வடகரை தாண்டிட்டா அவனுக்கு டவரே கெடைக்காது."

மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. செல்லையா போனு ஸ்டியரிங் பக்கத்துல ஸ்டாண்டுல நிக்கும், அதுல நம்ம ஆப் தொறந்தபடி இருக்கும். போற எடத்தோட கலர் மாறுனா லாரி ஹாரன் மாதிரி கத்தும். ஜெபா வேணும்னே வச்ச சத்தம் அது, டிரைவர்கள் எல்லாம் அவனத் திட்டாத திட்டு இல்ல. அந்தக் கலர் மாறணும். வேன் வடகரை தாண்டுறதுக்குள்ள மாறணும்.

இப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டிய எடம் வந்துட்டு, நல்லா கேட்டுக்கோங்க.

எனக்கு மொதல்ல வந்த யோசனை, சர்வரையே நிப்பாட்டு. கை அதுலதான் போச்சு. பெரிசா ஏதோ பண்ணுன மாதிரி ஒரு திருப்தி அதுல உண்டு, பாத்துக்கோ. டக்குன்னு கைய எடுத்தேன். சர்வர் போனா செல்லையா போன்ல என்ன ஆவும்? அதுக்குள்ளயும் நம்ம ரூல்தானே இருக்கு. சர்வர் பேசலைன்னா பழசக் காட்டும். பச்சை அப்படியே நிக்கும். அதுக்கப்புறம் நான் என்னத்த அனுப்புனாலும் போய்ச் சேராது.

ரெண்டாவது யோசனை, ஜெபாவோட அருவி பிளகினக் கழட்டு. கழட்டுனா? பிளகின் இல்ல, அதனால கடைசியா சொன்னதக் காட்டும். மறுபடியும் பச்சை.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு மக்கா. நெசமா. அல்வா தின்னு கொண்டாடுன ரூலு, யாராலயும் சாகடிக்க முடியாத ஒரு பச்சைய உருவாக்கி வச்சிருக்கு. கழட்டுற வேலையால எதுவும் ஆகாது, மாட்டுற வேலைதான் மிச்சம். ஜெபா பிளகின் உக்காந்திருக்கிற அதே எடத்துல, அதுக்கு மேல, அதவிட சத்தமா பேசுற இன்னொரு பிளகின மாட்டணும். ஜெபாவுக்கு அடிச்சேன்.

"ஏலே, உன் அருவி பிளகின் மாட்டியிருக்கிற எடத்துக்கு என்ன முன்னுரிமை குடுத்து வச்சிருக்க? அதுக்கு மேல ஒண்ணு வைக்கணும்."

"பாஸ்டர் ஜெபம் பண்ணுதாரு." காத்து மட்டும்தான் வருது, குரல் வரல.

"நீயும் பண்ணு. கண்ண மூடிக்கிட்டே சொல்லு."

விஷயத்தச் சொன்னேன். "நான் பைக்க எடுத்துட்டு வடகரைக்குப் போறேன்டி. இங்கனருந்து பக்கம்தான்."

"போலாம். மொதல்ல எனக்கு உன் வாய் வேணும், அப்புறம் வண்டிய எடு."

சொன்னான். கிசுகிசுன்னு எல்லாம் சொன்னான். அப்புறம், "எடி, ஒண்ணு. சிவப்பு வந்துச்சுன்னா பேக்கேஜ் பிளகின் அதக் கேட்டுக்கிட்டு இருக்கும்லா. அந்த எடத்துக்கு உள்ள பேக்கேஜ் அம்புட்டும் தானா கேன்சல் ஆயிரும். நாளைக்குள்ளதும் சேந்து போவும். லாட்ஜ்காரன் அருவாளோட வருவான்."

"சிவப்பு வேண்டாம், தெரியலைன்னு சாம்பல் கலர்ல ஒண்ணு அனுப்புனா?"

"போன் ஆப்புக்கு ரெண்டு கலர்தான் தெரியும். மூணாவது ஒண்ணு வந்தா புரியாம பழசக் காட்டும்."

அந்தப் பக்கம் கூட்டமா "ஆமென்"னு கேட்டுச்சு.

இதான் அந்த நிமிஷம். எஸ்டேட்டுல வெள்ளம்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னும் தெரியாது. தெரியாதுங்கிறதுக்கு நம்மகிட்ட ஒரு கலரே இல்ல. பச்சை போட்டாலும் பொய், சிவப்பு போட்டாலும் பொய். எந்தப் பொய்ய சொல்லுறதுன்னு மட்டும்தான் என் கையில. டெஸ்ட் ரிப்போர்ட்டு, மீட்டிங், அப்ரூவல் ஒண்ணும் அங்கன வந்து நிக்காது. சிவப்பு தப்பாப் போனா ஒரு லாட்ஜ்காரரு என்னைய வெட்டுவாரு. பச்சை தப்பாப் போனா அந்தப் பிள்ளைகள் ஓடையில நிக்கும். இதுல யோசிக்க ஒண்ணுமில்லன்னு உக்காந்து வாசிக்கிற உனக்குத் தோணும். கை கீபோர்டுல இருக்கும்போது தோணாது, கேன்சல் ஆகப்போற பேருங்க எல்லாம் ஸ்க்ரீன்ல வரிசையா தெரியும்போது தோணாது.

அண்ணாச்சிய லைன்லயே வச்சிருந்தேன்.

"அண்ணாச்சி, எஸ்டேட்டுக்குச் சிவப்பு போடப்போறேன். உங்க பேக்கேஜ் இன்னைக்குள்ளதும் நாளைக்குள்ளதும் கேன்சல் ஆயிரும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமம்மா."

"தெரியும்."

"அந்த வேனுக்கு மட்டும் சொல்லுற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?"

"முடிஞ்சா உங்ககிட்ட பேசிக்கிட்டா இருப்பேன்."

"சாரக் கேட்டியா?"

"சாரு குளிக்காரு."

லாட்ஜ் தகரத்துல மழை விழுற சத்தம் போன்ல கேக்குது.

"எஸ்டேட்டுக்கு மட்டுமா போடுத?"

"ஆமா."

"அப்ப அடிவாரத்துல மத்தவன் ஓடையெல்லாம்? அவன் வாட்ச்மேன் மட்டும் போன்ல பேசிட்டா இருக்கான்? எல்லாத்துக்கும் போடு. நான் ஒருத்தன் மட்டும் கேணப்பயலா?"

அவரு வயித்தெரிச்சல்ல சொன்னாரு. ஆனா சரியாச் சொன்னாரு. நான் ஒரு வேனையே நெனச்சுக்கிட்டு இருந்தேன், அதே பச்சைய நம்பி இன்னும் எத்தன வண்டி போவுதோ.

எழுதுனேன். கோடுன்னு சொல்லுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. எந்த எடத்துல இருந்து ரொம்ப நேரமா பட்டன் வரலையோ அந்த எடம் சிவப்பு. அம்புட்டுத்தான். பேரு 'முட்டு'ன்னு வச்சேன். மாட்டுனேன்.

ஹோஸ்ட் உள்ள விடல.

எந்த வெர்ஷனுக்கு எழுதுன பிளகின்னு சொல்லல, அதனால ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டு. பிரேம்வொர்க்ல வர்ற செக்கு அது. புதுசா சேந்தவங்கள எல்லாம் நான் அத வச்சுத்தான் வறுத்தெடுப்பேன். அந்தச் செக்கையே அணைச்சு விட ஒரு சுவிட்ச் உண்டு. அணைச்சா என் பிளகின் உள்ள போயிரும். ஹோஸ்ட ஒருதடவ எறக்கி ஏத்தணும், ஆனா வேல முடிஞ்சிரும். கை அங்கன போச்சு. போன எடத்துல நின்னுச்சு. எறக்கி ஏத்துனா, செக்கு இல்லாத ஹோஸ்ட் அந்த ஃபோல்டர்ல கெடக்கிற பழைய குப்பை பிளகின் அம்புட்டையும் சேத்து எழுப்பும். காடை விலையில விழுந்த பழைய மெனு பிளகினும் அதுல உண்டு. அது எந்திரிச்சு இன்னொருதடவ எல்லாரையும் இழுத்துப் போட்டுச்சுன்னா, நான் சிவப்பு போட ஹோஸ்டே இருக்காது.

ஒரே ஒரு வரி. வெர்ஷன் இன்னதுன்னு. அதுலயும் மொத தடவ தப்பா அடிச்சேன். திருத்துனேன். மாட்டுனேன்.

எஸ்டேட்டு சிவப்பு. அடிவாரத்துல எல்லாமே ஒண்ணொண்ணா சிவப்பு. அண்ணாச்சி பக்கத்துல இருந்து லாரி ஹாரன் கத்துற சத்தம் போன் வழியா வந்துச்சு, அவரு போன்லயும் நம்ம ஆப் இருக்கும்லா.

"எம்மா, காது போச்சு"ன்னாரு.

எந்திரிச்சு ஆபீசுக்குள்ள ஒரு ரவுண்டு ஓடுனேன். ஆமா, ஓடுனேன். யாரும் பாக்கல. கோடு எழுதுற வேலையில இப்படி ஒரு சந்தோஷம் இருக்குன்னு காலேஜ்ல ஒருத்தரும் சொல்லித் தரல. ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு சாமானத்துக்குள்ள, அத நிப்பாட்டாம, ரூம் புக்கிங் ஒரு பக்கம் ஓடிட்டே இருக்க, எண்ணெக் குளியல் ஓடிட்டே இருக்க, ஒரு சின்னத் துண்டச் செருகி ஊரையே சிவப்பாக்குறது. முகம் தெரியாத யாரோ எழுதிப் போட்ட பிரேம்வொர்க்க அன்னைக்கு நான் கும்பிட்டேன்.

ஆனா செல்லையா நின்னானான்னு தெரியாது. ஹோஸ்ட் அனுப்பிட்டேன்னு சொல்லுது. அவன் போன் வாங்குச்சான்னு சொல்ல மாட்டேங்குது. ரெண்டும் வேற வேற, இத உன் மண்டையில ஏத்திக்கோ. அண்ணாச்சி ரீடயல் போட்டுக்கிட்டே இருக்காரு. ஜெபா பைக்கக் கெளப்பிட்டான்.

கடைசியா ஜெபாதான் கூப்பிட்டான்.

"எடி."

"சொல்லுலே."

"வடகரை தாண்டல. கடைசி டீக்கடை இருக்குல்லா, அங்கன வேன் நிக்கு. செல்லையா அண்ணன் என்னயத் திட்டுதாரு, ஹாரன் கத்துன கத்துல பின்னால ஒரு ஆச்சி பயந்துட்டாவளாம். பிள்ளைகள் எல்லாம் வாழைக்காய் பஜ்ஜி திங்குது. ஒருத்தன் என் பட்டு வேட்டியில சட்னிய ஊத்திட்டான்."

"எல்லாரும் இருக்காங்களா?"

"எண்ணிட்டேன்டி. கொள்ளாம், அருமைடி, உன் பிளகின் கொள்ளாம்."

சாயங்காலம் டவர் வந்ததும் மாடசாமி அண்ணன்ட்ட இருந்து மொத பட்டன் வந்துச்சு. சிவப்பு. அப்புறம் அவரே போன் அடிச்சாரு. மத்தியானம் ஓடையில திடீர்னு செந்தண்ணியா வந்திருக்கு, மரக்கட்டையெல்லாம் அடிச்சுக்கிட்டு. குளிக்க வாரவங்க துணிய வச்சுட்டு உக்காருற படிக்கட்டு முழுசா முங்கிட்டு. அவரு தேங்காய் பாக்க அக்கரைக்குப் போனவரு அங்கனயே மாட்டிக்கிட்டாரு, இக்கரைக்கு வர முடியல. இக்கரையில எஸ்டேட்டு இரும்புக் கேட்டு தொறந்தபடி கெடந்திருக்கு. வேன் வந்திருந்தா தடுக்க ஒரு ஆளு கெடையாது.

பிறகு சாரு வந்தாரு, தலை ஈரத்தோட. கேன்சல் லிஸ்டப் பாத்தாரு. அண்ணாச்சிய அவரு எப்படிச் சமாளிச்சாருங்கிறது அவரு கதை, அவருட்டயே கேளுங்க.

அதுக்கப்புறம் என்ன மாறுச்சுங்கிறத இப்ப நீங்க தினமும் பாக்கிய. அருவிப் பக்கத்துல சாம்பல் கலர் வந்துச்சு. அப்புறம், மாட்டுற ஒவ்வொரு பிளகினும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும், நான் பேசலைன்னா நீ என்ன நெனச்சுக்கிடணும்னு. மெனு பிளகின் சொல்லும், பழசக் காட்டிக்கோ, காடை விலை ஒண்ணும் ஓடிப்போவாது. ரூம் பிளகின் சொல்லும், பழசக் காட்டு, ஆனா புக் பண்ண விடாத. அருவி பிளகின் சொல்லும், தெரியலைன்னு சொல்லு. பதில் சொல்லாத பிளகின ஹோஸ்ட் உள்ளயே விடாது. இத அப்படியே அந்தப் பிரேம்வொர்க்கு ஆளுங்களுக்கும் அனுப்புனோம். அங்கன ஒருத்தரு, எல்லாருக்கும் இது எதுக்கு, அனாவசியம்னு எழுதுனாரு. நான் இந்த வேன் கதைய என் ஓட்ட இங்கிலீஷ்ல எழுதிப் போட்டேன். சேத்துக்கிட்டாங்க. நம்ம தென்காசி மாடியில எழுதுனது இப்ப எந்தெந்த ஊர் ஆப்லயோ ஓடுது மக்கா, யோசிச்சுப் பாரு.

அதனால நாளைக்கு உன் மொத பிளகின்ல அந்தக் கேள்வி வந்து நிக்கும்போது, இது ஏதோ நிரப்புற கட்டம்னு நெனச்சு எதையாச்சும் தட்டி விடாத. அந்த ஒரு வரியிலதான் நீ யாருக்காக எழுதுதன்னு இருக்கு. என்னட்ட வந்து சண்டை போடு, தெரியலைன்னு சொல்லு, டீக்கடையில உக்காந்து யோசி. தட்டி மட்டும் விடாத.

அந்தத் திங்கக்கிழமை ஆப் ஸ்டோர்ல ஒரு ரிவியூ வந்துச்சு. ஒரே ஒரு ஸ்டார். மதுரையில இருந்து, அந்த வேன்ல வந்த அம்மாதான். அருவின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, பாதி வழியில ஆப்பு சிவப்பு காட்டி ஏமாத்திட்டாங்க, டீக்கடையில பஜ்ஜி தின்னுட்டுத் திரும்பி வந்தோம், பிள்ளைங்க ஒரே அழுகை, யாரும் இத நம்பிப் போகாதீங்கன்னு நல்லா நீட்டி எழுதியிருந்தாங்க.

சாருக்கு மனசு கேக்கல. நடந்தத விளக்கிப் பதில் போடலாம்னாரு. ஜெபா அப்பவே டைப் பண்ண உக்காந்துட்டான். நான்தான் லேப்டாப்ப மூடுனேன்.

"போட வேண்டாம் சார். அவங்களுக்கு அது பஜ்ஜி தின்ன சனிக்கிழமையாவே இருக்கட்டும்."

"ஒரு ஸ்டாரும்மா, ரேட்டிங் எறங்கும்."

"எறங்கட்டும் சார். எல்லாரும் வீடு போய்ச் சேந்து, நல்லா சாப்பிட்டு உக்காந்து நம்மளத் திட்டுதாங்க. இதவிட வேற என்ன சார் வேணும்?"

ஜெபா அந்த ரிவியூவப் பிரிண்ட் எடுத்தான். ஏசிக்குக் கீழ, செவத்துல ஒட்டியிருக்கு. வேலைக்கு வந்த அன்னைக்கே அது என்னன்னு கேட்டியள்லா, இதான்.